ஆரி தெரியும், பானை ஓவியம் தெரியும். வகுப்பு எடுத்துப் பிழைக்கலாமா?

கேள்வி: 12 மே 2024

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். வயது 29. தனியார் பள்ளியில் நான்கு வருடம் வேலை பார்த்தேன், சம்பளம் 7,500ஐத் தாண்டவே இல்லை, விட்டுவிட்டேன். ஆரி, அதாவது கொக்கி ஊசியால் துணியில் போடும் பூவேலை, நன்றாகப் போடுவேன். பானை ஓவியம் வரும், தஞ்சாவூர் ஓவியமும் கொஞ்சம் தெரியும். வீட்டிலேயே வகுப்பு தொடங்க நினைக்கிறேன். "கை வேலை தெரிஞ்சவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறது ஒரு விஷயமா, ஆள் சேர்ந்தா போதும்" என்கிறார் வீட்டுக்காரர். மாதம் 20,000 வருமா? சான்றிதழ் வேண்டுமா? முதல் வகுப்பை இலவசமாக வைக்கலாமா? கும்பகோணத்தில் வகுப்பு எடுக்கும் அக்கா ஒருவர் இங்கே எழுதுவதாகக் கேள்விப்பட்டேன். அவர் சொன்னால் நன்றாக இருக்கும்.

12 மே 2024, இரவு

அந்த அக்கா நான்தான். 20,000 வரும். முதல் வருடம் வராது. இரண்டாம் வருடமும் எல்லா மாதமும் வராது.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி தப்பு. ஆள் சேர்வது ஒரு பெரிய வேலையே இல்லை. சேர்ந்த ஆள் மூன்றாம் மாதமும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருகிறாரா, அதைப் பாருங்கள். 2017 மே மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் நான்கு பிள்ளைகளோடு தொடங்கினேன். அதில் ஒருவன் என் தங்கை மகன். முதல் ஒன்பது மாதம் சராசரியாக 2,400 ரூபாய் வந்தது. பென்சில், சார்ட், பிஸ்கட் செலவு போக.

13 மே 2024

சான்றிதழ் பற்றி.

வீட்டில் வகுப்பு எடுக்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை. பள்ளிக்கூடம் உங்களைக் கூப்பிட வேண்டுமென்றால் கதை வேறு. ஓவியத்திலோ தையலிலோ அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் லோயர், ஹையர் தேர்வுகளை முடித்து, அப்புறம் கோடையில் டிடிசி என்னும் தொழிலாசிரியர் சான்றிதழ் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். 2012ல் அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தபோது என்னிடம் லோயர் மட்டும்தான் இருந்தது. எங்கள் தெருவில் இரண்டு பேர் போனார்கள், நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் அழுதேன். அவர்கள் இன்றைக்கும் பணி நிரந்தரம் கேட்டுப் போராட்டத்துக்குப் போகிறார்கள். நான் அழுதது வீண் என்று சொல்ல வரவில்லை. மாதாமாதம் தேதி தவறாமல் வரும் 5,000க்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்தது.

பிற்பாடு ஹையர், டிடிசி இரண்டையும் முடித்துச் சட்டம் போட்டு மாட்டினேன். இதுவரை அதைப் படித்துப் பார்த்தவர் ஒரே ஒருவர், வெள்ளையடிக்க வந்தவர்.

15 மே 2024

இப்போது மே மாதம். நீங்கள் உடனே தொடங்கத் துடிப்பீர்கள். அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

2018 மே மாதம் 31 பிள்ளைகள் வந்தார்கள். ஆளுக்கு 600 ரூபாய். கையில் 18,600 ரூபாயை ஒன்றாகப் பார்த்ததும் தலை கால் புரியவில்லை. மாடியில் 3,500 ரூபாய் வாடகைக்கு ஓர் அறை பிடித்து, முன்பணமும் கொடுத்து, ஃபிளெக்ஸ் அடித்தேன். ஜூனில் பள்ளி திறந்தது. ஏழு பேர். 4,200 ரூபாய். வாடகை போக 700.

கோடை வகுப்பு என்பது பெற்றோருக்குப் பிள்ளையை வெயிலில் விடாமல் ஒன்றரை மணி நேரம் பிடித்து வைக்கிற இடம். தப்பில்லை, காசை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் மே மாதக் காசைக் காட்டி ஜூன் மாதத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

15 மே 2024, கொஞ்ச நேரம் கழித்து

நோட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 31 பேர் வந்தது சரி, காசு கொடுத்தது 27 பேர். மீதி நாலும் சொந்தக்காரப் பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். ஆக 16,200. ஆறு வருடமாக 18,600 என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சொந்தக்காரர்களிடம் கட்டணம் வாங்குவதா என்று அடுத்துக் கேட்பீர்கள். வாங்குங்கள். பாதியாவது வாங்குங்கள். ஓசியில் வரும் அக்கா மகன்தான் மற்றவன் தண்ணீரில் தூரிகையைக் கழுவுவான்.

19 மே 2024

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

அந்த மாடி அறைக்கு வெளியே படிக்கட்டு. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மாக்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். போன் பார்ப்பார்கள், கீரை ஆய்வார்கள். ஒரு நாள் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "டீச்சர், அந்தக் கோணல் கோட்டை நான் போட்டுப் பார்க்கட்டா?" என்று கேட்டார். மகன் வரைந்த யானையின் தும்பிக்கை. போட்டார். நன்றாக இருந்தது. அடுத்த வாரம் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். 2019 நவராத்திரிக்குள் அம்மாக்கள் மட்டும் ஒன்பது பேர், தனி வகுப்பு, தஞ்சாவூர் ஓவியம். பிள்ளைகள் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து போன் பார்த்தார்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் என் மாணவிகளைப் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டு, அவர்கள் பிள்ளைகளிடம் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர்களுக்கு வகுப்பு வைப்பதற்கு மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஓவியம் அந்த மூன்றில் இல்லை.

பஸ். 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சுவாமிமலையிலிருந்தும் நாச்சியார்கோவிலிலிருந்தும் எனக்கு ஆள் வருவது அதற்கப்புறம்தான். போக வர 30 ரூபாய் வீட்டில் கேட்டு வாங்க வேண்டும் என்றால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். அதனால் என் வகுப்பு 10 மணிக்கு இல்லை, 10.40க்கு. அந்த பஸ் 10.25க்கு வருகிறது. பஸ் நேரம் மாறினால் வகுப்பு நேரமும் மாறும். உங்கள் ஊரில் முதலில் பஸ் நிறுத்தத்தில் நின்று நேரம் குறியுங்கள்.

தேதி. முன்பு 5ஆம் தேதி கட்டணம் என்று பலகையில் எழுதி வைத்திருந்தேன். 5ஆம் தேதி வீட்டுக்காரர் சம்பளத்தில் மளிகை, சீட்டு, பள்ளிக் கட்டணம் எல்லாம் போய்விடும், அதற்கப்புறம் "ஓவிய வகுப்புக்குக் காசு" என்று கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் அவரவர் கணக்கில் ஏறுகிறது. என் மாதக் கட்டணம் 700. நான் எதுவும் சொல்லவில்லை, அவர்களே 16, 17 தேதிகளில் கொண்டுவந்து தர ஆரம்பித்தார்கள். பலகையில் 5ஐ அழித்துவிட்டு 16 என்று எழுதினேன். பாக்கி வைப்பது பெரும்பாலும் நின்றுபோனது.

மூன்றாவது தண்ணீர். அதை அப்புறம் எழுதுகிறேன், சோறு வடிக்கணும்.

2 ஜூன் 2024

இலவச வகுப்பு வேண்டாம். இலவசமாகவே கற்றுக்கொள்ள இடம் இருக்கிறது. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் தையல் போன்றவை இலவசம், சாப்பாடும் உண்டு. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயதுப் பிள்ளைகள் பாட்டு, நடனம், ஓவியம் கற்கலாம். அவற்றோடு இலவசத்தில் போட்டி போட்டு நாம் ஜெயிக்க முடியாது. போட்டி போடவும் தேவையில்லை. சிறுவர் மன்றத்தில் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள், 40 பிள்ளைகளை ஒரே ஆள் எப்படி உட்கார வைக்கிறார் என்பதற்காகவே.

ஓசி டெமோவுக்கு வருகிறவர்கள் அடுத்த ஓசி டெமோவுக்குப் போகிறவர்கள். நான் மூன்று தடவை வைத்துப் பார்த்து முடிவு செய்தது இது.

4 ஆகஸ்ட் 2024

நேற்று ஆடிப்பெருக்கு. படித்துறையில் கூட்டம். இப்போது தண்ணீர் பற்றி எழுதலாம்.

மேட்டூரை ஜூன் 12ல் திறப்பது வழக்கம். இந்த வருடம் ஜூலை 28ல்தான் திறந்தார்கள். ஓவிய வகுப்புக்கும் மேட்டூருக்கும் என்ன சம்பந்தம் என்று என் வீட்டுக்காரரும் கேட்டார். என் நோட்டைக் காட்டினேன். போன வருடம் ஜூனில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எட்டு, இந்த வருடம் மூன்று. எல்லோரும் விவசாயக் குடும்பம் இல்லை. ஆனால் உரக்கடைக்காரர், டிராக்டர் டிரைவர், மளிகைக்காரர், அவர்கள் எல்லோர் வீட்டுப் பெண்களும் என்னிடம் வருகிறார்கள். குறுவை படுத்தால் ஊரே செலவைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். அந்த இறுக்கலில் முதலில் போவது நாம்தான்.

நீங்கள் மன்னார்குடிப் பக்கம், உங்களுக்கும் ஆற்றுத் தண்ணீர்தான். ஆகவே இது உங்களுக்கும் பொருந்தும். சம்பா நடவு நேரத்தில் கிராமத்துப் பெண்கள் வர மாட்டார்கள், அப்போது புது வகுப்பு வைக்க வேண்டாம். தை, மாசியில் அறுப்பு முடிந்து காசு புரளும்போது நீளமான படிப்பை வையுங்கள்.

ஆரிக்கு மட்டும் கணக்கு தலைகீழ். ஆடியில் முகூர்த்தம் இல்லை. பிளவுஸ் தைக்கிற பெண்களுக்கு ஆர்டர் இல்லை, கை சும்மா இருக்கும். ஆரி கற்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது என்பார்கள், நீங்கள் பதினெட்டாம் பெருக்கன்று தொடங்குங்கள், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆவணி முகூர்த்தத்துக்குள் செயின் தையல் கை பழகிவிடும். இந்த வருடம் உங்களுக்கு ஒரு நாள் தாமதமாகச் சொல்கிறேன், மன்னிக்கவும்.

இன்னொன்று. இலவச வகுப்பு வேண்டாம் என்றேன் அல்லவா? போன மாதம் 100 ரூபாய்க்கு ஒரு நாள் வகுப்பு வைத்தேன், சேர்ந்தால் அந்த 100 கட்டணத்தில் கழியும் என்று. 14 பேர் வந்தார்கள், 9 பேர் சேர்ந்தார்கள். 100 ரூபாய் கொடுத்தவர் அதை விட்டுவிட மனம் இல்லாமலே வருகிறார். ஜூன் 2ல் எழுதியதை முழுக்க வாபஸ் வாங்கவில்லை, ஓர் ஓரத்தை மடித்துக்கொள்கிறேன்.

20 அக்டோபர் 2024

கொலு முடிந்தது. நாள் கணக்கில் பார்த்தால் வருடத்தில் எனக்கு அதிகம் வருமானம் தருவது எது தெரியுமா? தஞ்சாவூர் ஓவியம் இல்லை. பழைய கொலு பொம்மைக்கு வண்ணம் பூசும் இரண்டு நாள் வகுப்பு. பரணில் இருக்கும் பாட்டி காலத்துப் பொம்மை, மூக்கு உடைந்தது, கை போனது எல்லாவற்றையும் துணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். ஒட்ட, தேய்க்க, வண்ணம் வைக்கச் சொல்லித் தருகிறேன். ஆளுக்கு 850 ரூபாய். இந்த வருடம் 19 பேர். யாருக்கும் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஆசை இருந்தால் போதும். முடித்ததும் அதே வாரம் படியில் ஏறிவிடும், வருகிற எல்லோரிடமும் காட்டுவார்கள். இதைவிடப் பெரிய விளம்பரம் எந்த ஃபிளெக்ஸும் கிடையாது.

ஒருவர் தசாவதாரச் செட்டு கொண்டுவந்தார். ஆயுதங்கள் எல்லாம் தனியாக உடைந்து ஒரு டப்பாவில் கிடந்தன. நான் அந்தப் பக்கம் டீ போடப் போன நேரத்தில் கலப்பையைப் பரசுராமர் கையிலும் கோடரியைப் பலராமர் கையிலும் ஒட்டிவிட்டார். ஃபெவிகால் காய்ந்தும் விட்டது. "இருக்கட்டும் டீச்சர், டெல்டாவுல பரசுராமரும் உழுதுதான் ஆகணும்" என்றார். அப்படியே கொலுவில் வைத்தார்.

ஆரி நாலு பேர் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். நாலு நல்ல எண்ணிக்கை. துணியை இழுத்துக் கட்டும் ஸ்டாண்டை நீங்களே வாங்கி வைத்து வாடகைக்குத் தராதீர்கள். அவரவர் வாங்கட்டும். ஸ்டாண்டு வீட்டில் இருந்தால்தான் வீட்டிலும் போட்டுப் பார்ப்பார்கள்.

28 நவம்பர் 2024

மூன்று நாளாக மழை. பள்ளிகளுக்கு விடுமுறை, புயல் எங்கே போகிறது என்று டிவிக்கும் தெரியவில்லை. வகுப்பு இல்லை. இதை எழுத நேரம் கிடைத்தது.

தஞ்சாவூர் ஓவியம் எடுக்க நினைத்தால் இந்த மாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பலகையில் காடாத் துணி ஒட்டி, சாக் பவுடரும் கோந்தும் கலந்து பூச்சு பூசி, காயவைத்து, மறுபடி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். வைகாசியில் ஒரு நாளில் காய்வது கார்த்திகையில் நாலு நாளானாலும் நசநசவென்று இருக்கும். அதன்மேல் மக்கு வேலை, அதாவது கலவையால் நகையையும் மாலையையும் மேடாக எழுப்புவது, செய்து வைத்தால் மேலே காய்ந்த மாதிரி காட்டும், ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டியதும் உள்ளே இருந்து விரியும். 2021 மழையில் ஆறு பலகையில் பூஞ்சை பிடித்தது. ஒரு அம்மாவின் வெண்ணெய்க் கிருஷ்ணருக்குப் பச்சைத் தாடி. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதிலிருந்து பலகைகளைச் சித்திரை, வைகாசியிலேயே மொத்தமாகச் செய்து அடுக்கிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்குத் தயார்ப் பலகை, நேராகப் படம் பதித்து மக்கில் இறங்கலாம். முதல் வகுப்பிலேயே தேய் தேய் என்று விட்டால் அடுத்த வாரம் வர மாட்டார்கள்.

எனக்கே இதில் ஒரு உறுத்தல் உண்டு. பலகை செய்யாமல் கற்றவர்கள் ரேக்கு ஏன் வெடிக்கிறது என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது படத்துக்காவது அவரவர் பலகையை அவரவரே செய்ய வேண்டும் என்று வைத்தேன். இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். நிற்கட்டும்.

சுவாமிமலையிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு மட்டும் இது எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிலை வார்க்கும் வீடு. மெழுகில் நகையும் மடிப்பும் இழைத்து, காவிரி வண்டல் மண் பூசி, காயும் வரை காத்திருப்பதைப் பார்த்தே வளர்ந்தவர். மக்கு வேலையில் என்னைவிட அவர் கை சுத்தம். இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

9 பிப்ரவரி 2025

ஜிஎஸ்டி பற்றி நீங்கள் தனியாகக் கேட்டதற்கு இங்கேயே பதில், மற்றவர்களுக்கும் உதவும்.

எல்லா வகுப்புக்கும் 18 சதவீதம் கட்ட வேண்டும் என்று போன வருடம் வேறொரு இடத்தில் ஒருவரைப் பயமுறுத்தி எழுதியிருந்தேன். தப்பு. கலை, பண்பாடு சார்ந்த பொழுதுபோக்குப் பயிற்சியைத் தனிநபர் கற்றுக்கொடுத்தால் விலக்கு உண்டு. முன்பு நிறுவனங்களுக்கும் இருந்தது, 2022 ஜூலை 18 முதல் தனிநபருக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். அதற்கும் மேலே, சேவைக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு பற்றிய கேள்வியே எழும். நமக்கு 20 லட்சம் வந்தால் ஆடிட்டர் வீட்டுக்கே காபி வாங்கிக்கொண்டு போகலாம். உதயம் என்கிற சிறுதொழில் பதிவை மட்டும் செய்துவையுங்கள், இணையத்தில் இலவசம். காசு கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். நான் 1,500 கொடுத்தேன்.

16 ஏப்ரல் 2025

சவரன் 70,000 தாண்டிவிட்டது. நீங்கள் கேள்வி கேட்டபோது 54,000 வாக்கில் இருந்தது. என் 8க்கு 10 அங்குலப் படத்தின் வகுப்பு, பொருளும் சேர்த்து 2,800 என்று அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்திருக்கிறேன். ரேக்கு விலை தங்கத்தோடு ஏறுகிறது. போன மாதம் ஐந்து பேருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுக் கூட்டிப் பார்த்தால் ஒரு வகுப்புக்கு 40 ரூபாய் எனக்கு மிஞ்சியது. டீயும் நானே கொடுத்தேன்.

இன்றிலிருந்து கட்டணம் தனி, பொருள் தனி. பொருளை அன்றைய விலைக்கு அவர்களே வாங்கலாம். இதை உங்களுக்கு முதல் நாளே சொல்லாதது என் தப்பு. அப்போது எனக்கே தெரியாது.

14 ஜூன் 2025

இந்த முறை மேட்டூரை 12ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். ஜூனில் இதுவரை ஆறு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள்.

உங்களுக்கு 11 பேர், போன மாதம் 8,400 என்று எழுதியிருந்தீர்கள். ஒரு வருடத்தில் அது நல்ல கணக்கு. என் முதல் வருடத்தைப் பார்த்தீர்கள் அல்லவா. பள்ளிச் சம்பளத்தைத் தாண்டிவிட்டது என்று வீட்டுக்காரரிடம் ஒரு தடவை சொல்லுங்கள், இரண்டு தடவை வேண்டாம். ஆனால் அது மே மாதம். ஜூலைக் கணக்கை எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.

எங்கள் பக்கம் ஒரு சேதி. சுவாமிமலைப் பெண் தன் வீட்டிலேயே வகுப்பு தொடங்கிவிட்டார். என்னிடம் வந்துகொண்டிருந்த நாலு பேர் அங்கே போய்விட்டார்கள். சொல்லாமல் போனார்கள். நான் மூன்று நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. என் நோட்டு, என் படப் பிரதி, என் கையால் கற்றது என்று என்னென்னவோ மனதுக்குள் ஓடியது. கோபத்தில் இங்கே ஒரு பத்தி எழுதி அழித்தேன். அந்த நாலு பேரும் சுவாமிமலைக்காரர்கள் என்பது நாலாம் நாள்தான் தலையில் ஏறியது. அந்த 10.25 பஸ் இப்போது 11.10க்கு வருகிறது. மாறி ஒன்றரை மாதம் ஆகிறது. வகுப்பு நேரத்தை நான் மாற்றவில்லை.

போன திங்கள் அவரே போன் செய்தார். "டீச்சர், பலகை போட எங்க வீட்ல இடம் இல்ல. வார்ப்பு வேலையே முற்றம் முழுக்கக் கிடக்கு. உங்ககிட்ட கிடைக்குமா?" என்ன விலை சொல்வது என்று யோசித்து, அடக்கத்துக்கு மேல் 60 ரூபாய் வைத்தேன். 20 பலகை கேட்டார். முன்பு ரேக்கில் போனது கொஞ்சம் இதில் வந்தது. போனை வைப்பதற்கு முன் அவருடைய மக்கு வேலை பற்றி நான் நினைத்திருந்ததையும் சொன்னேன். "அது எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார்.

நாளையிலிருந்து என் வகுப்பு 11.25க்கு. உங்களுக்கும் பலகை வேண்டுமென்றால் செவ்வாய்க்குள் எண்ணிக்கை சொல்லுங்கள், வெயில் இருக்கும்போதே சேர்த்துப் போட்டுவிடுகிறேன். மன்னார்குடி பஸ்ஸில் ஏற்றிவிடலாம், கூலி உங்களுடையது.